கை அசைத்த படம்

அன்புள்ள லாரிக்காரருக்கு,

இல்லை, அழிக்கவில்லை. நேற்று நீங்கள் போனில் கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்கிறேன்.

படம் திங்கட்கிழமை அலுவலகத்தில் என் திரைக்கு வந்தது. பாலம் தாண்டி வரும் அந்த வளைவு. ஐம்பதில் வர வேண்டிய இடத்தில் எண்பத்திரண்டு. கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள், ஒரு கையை உயர்த்திச் சிரித்தபடி.

அந்தக் கேமராக் கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கை காட்டுவதாகச் சொல்வீர்கள். நானும் பார்த்ததாகச் சொல்லிவந்தேன். பொய். வேகம் மீறினால்தான் அது படம் எடுக்கும். உங்களை அங்கே பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஸ்கேனுக்கு என்னோடு வர வேண்டும் என்றுதான் பறந்து வந்தீர்கள். தெரியும். உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் அந்தச் சின்ன இதயத்துடிப்பைக் கேட்டேன்.

சொந்தக்காரர் படம் வந்தால் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட வேண்டும். எங்கள் விதி. பக்கத்து இருக்கை அக்கா, "என்னடி, உன் வீட்டுக்காரர் கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வர்றாரு" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "படம் தெளிவா இல்லன்னு போட்டுடவா? மூணாவது தடவை. லைசென்ஸ் போயிடுமே" என்றார்.

ஒரு கணம் சரி என்று சொல்லப் பார்த்தேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

கேமரா வைப்பதற்கு முந்தைய வருடம் அந்த வளைவில் ஒன்பது பேர் இறந்தார்கள். வைத்த பிறகு ஒருவர். அந்த ஒருவரின் படமும் எனக்குத்தான் வந்தது. அவர் வண்டியில் பக்கத்து இருக்கையில் கேக் டப்பா. அதற்கு மட்டும் பெல்ட் போட்டிருந்தார்.

"இருக்கிறபடியே போடுங்கக்கா" என்றேன்.

மூன்று மாதம் வண்டி கிடையாது. உங்கள் முதலாளி குதிப்பார். குதிக்கட்டும். குழந்தை வரும்போது வீட்டில் இருப்பீர்கள். என் சம்பளத்தில் சமாளிப்போம். கோபம் இருந்தால் வந்து சண்டை போடுங்கள், நேரில். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது வாருங்கள்.

திரும்பி வரும்போதும் கம்பத்தைப் பார்த்துக் கை காட்டுங்கள். நான் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இருவராகக் காத்திருக்கும்,
உங்கள் கேமராக்காரி

கடிதத்தை ஒட்டி, மறுநாள் காலை, கணவர் போயிருந்த துறைமுகத்துக்கு அவர் கம்பெனியிலிருந்து கிளம்பிய வண்டியின் டிரைவரிடம் கொடுத்தாள். அவசரம் ஒன்றுமில்லை, மெதுவாகவே போய்ச் சேரட்டும் என்று சொன்னாள்.