கல்மதிலுக்கு இந்தப் பக்கம்

முசான்சே

என் அன்பு மகள் உமுதோனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. என் இருமலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் உன் வார்டு நோயாளிகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். மழை விட்டபாடில்லை, உருளைக்கிழங்கில் பாதி மண்ணிலேயே அழுகிவிட்டது, பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அதற்கு உன் பெயரைத்தான் வைப்பேன் என்று உன் தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறான்.

கேசா போய்விட்டாள். இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன், கை வரவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து என் ஆராய்ச்சி முழுவதும் அந்தக் கொரில்லாவின் பின்னால்தான், அவள் மூக்கின் மடிப்பை நீ சிலேட்டில் வரைந்து காட்டுவாய். கொஞ்ச நாளாகக் கூட்டத்தோடு நடக்க முடியாமல் பின்தங்கினாள், தலைவனான வெள்ளிமுதுகுக்காரன் அவளுக்காக நின்று நின்று போனான். தினமும் புதிதாகத் தழை பரப்பிப் படுப்பவர்கள் அல்லவா, அவளுடைய படுக்கை ஒவ்வொரு காலையும் முந்தைய படுக்கைக்கு இன்னும் கிட்டத்தில் கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தேன்.

அதற்குள் கொன்சோலாத்தா அத்தை வீட்டில் பேரனுக்குப் பெயர் சூட்டும் விருந்து. போகாவிட்டால் உன் அத்தை வாய் உனக்குத் தெரியுமே. வந்தவர்களையெல்லாம் கட்டித் தழுவியாயிற்று, பிறகு சோளக் கள்ளுப் பானை வந்தது, ஒரே குழல், உறிஞ்சி உறிஞ்சிக் கைமாற்றினார்கள். கொரில்லாக்களிடம் மலை ஏறுகிறவர்கள் பலர் வாய் வைத்த குழலில் வாய் வைக்கக் கூடாது, இத்தனை வருஷம் எதையாவது சொல்லித் தட்டிக்கழித்தவள்தான் நான். அன்று உன் அத்தை எல்லார் முன்னாலும், "குரங்கோட உட்காருவா, நம்மளோட ஒரு வாய் குடிக்க மாட்டாளாக்கும்" என்றாள். ரோஷத்தில் வாங்கிக் குடித்தேன். இரண்டொரு நாளில் தொண்டை கட்டி, இருமல்.

கேசா எழுந்திருக்கவில்லை என்று மலையிலிருந்து காவலர்கள் வாக்கிடாக்கியில் சொன்னது அப்போதுதான். முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். காட்டோரக் கல்மதிலில் ருகுந்தோ நின்றான், நான் வேலை பழக்கிய காவலன். நான் வாயைத் திறக்குமுன் இருமல் முந்திக்கொண்டது. "உமுதோனி அம்மா, நம்ம சளி அவங்க உயிரையே வாங்கிடும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. உங்களை விட்டுட்டு அப்புறம் யாரை நான் நிறுத்துறது?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. கேசாவின் மடியில் பால்குடி மறக்காத குட்டி இருந்தது, அதன் மேல் என் மூச்சுப் பட்டால் என்ன ஆகும் என்று அவனைவிட எனக்குத் தெரியும். மதிலுக்கு இந்தப் பக்கமே மழையில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் கேசா அடங்கிவிட்டாள். குட்டி அவள் கையைத் தூக்கித் தன் மேல் போட்டுக்கொண்டதாம். இப்போது வெள்ளிமுதுகுக்காரன் அதைத் தன்னோடு படுக்கவைத்துக்கொள்கிறான் என்கிறார்கள், பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

அங்கே உட்கார்ந்து உன்னைத்தான் நினைத்தேன். அப்பா நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தபோது உன் வார்டில் காய்ச்சல் பரவி நீயும் இருமிக்கொண்டிருந்தாய், வரமாட்டேன் என்று போனில் சொன்னாய். அவர் போன பிறகும் நீ ஊர்ப்பக்கம் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று கூசுகிறாய், பெற்றவளுக்குத் தெரியாதா. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போதும் உன் அத்தை, பெற்ற மகளே எட்டிப் பார்க்கவில்லை என்று ஆரம்பித்தாள். "அண்ணி, வராம இருந்தாளே, அதுதான் அவ அப்பாவுக்குச் செஞ்சது" என்றேன்.

இரவு வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. ஆண்டவர் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். மறந்துவிடாதே, அப்பா கல்லறையில் நான் இன்னும் பூச்செடி வைக்கவில்லை. தம்பி வைக்கிறேன் என்றான், அக்கா வந்து வைப்பாள் என்று சொல்லிவிட்டேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
முகந்தோலி