ரண்டு வாய்ப் பெட்டி

பலேர்மோ,
4.5.2025

அன்புள்ள சம்பந்தி எமிலியானாவுக்கு,

சேசுவின்ரை கிருபையாலை இஞ்சை எல்லாரும் சுகம். பாரிஸ் குளிருக்கு உங்கட முழங்கால் நோ எப்பிடி? போனிலை கதைச்சால் என்ரை மருமகள், அதுதான் உங்கட மகள், பக்கத்திலை நிண்டு காது குடுக்கிறா, அதாலை எழுதிறன்.

பேரப்பிள்ளையளின்ரை புதினம் சொல்லவேணும். றொனி தாதிப் படிப்பு முடிச்சு ஆஸ்பத்திரியிலை வேலை எடுத்திட்டான். வெள்ளை உடுப்போடை பஸ்ஸாலை இறங்கி வர, எங்கட பிரான்காச்சோப் பக்கத்து இத்தாலியன் சிஞ்ஞோராமார் டொக்டரைக் கூப்பிடுற மாதிரி "தொத்தோரே" எண்டு கூப்பிடுகினம். நான் திருத்திறேல்லை. மொனிகா வகுப்பிலை முதலாவது, அதுவும் இத்தாலியன் பாடத்திலை, இத்தாலியன் பிள்ளையளுக்கு மேலாலை. தமிழ்ப் பூசையிலை அவள் கிற்றார் வாசிக்கிற நாளிலை சுவாமியார் பிரசங்கத்தையே சுருக்கிறார். அது நான் வாங்கிக் குடுத்த மரக் கிற்றார். நீங்கள் அனுப்பின சிவப்புக் கரண்ட் கிற்றாரும் கிடக்கு.

வீட்டிலை பழக ஒரு சத்தப் பெட்டி வேணுமெண்டாள். பொலிதேயாமாப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனன். "அப்பம்மா, இதுக்கு ரண்டு வாய், ரண்டு கிற்றாரும் கொழுவலாம்" எண்டு ஒண்டைக் காட்டினாள். கடைக்காரனும் அதைத்தான் சொன்னான். நான் மரக் கிற்றாருக்கெண்டே செய்த பெட்டியை எடுத்தன். வீட்டை வந்து உங்கட கிற்றாரைக் கொழுவினாள். தகரத்திலை குறுணிக்கல் கொட்டின மாதிரி ஒரு சத்தம். மலிவுக் கிற்றாரோ தெரியேல்லை. குறை நினைக்காதேங்கோ.

அன்புடன்,
றோசமலர்


பாரிஸ்,
23.5.2025

அன்புள்ள றோசமலர் அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சது. நான் ஒப்பரேசன் செய்து கிடக்கேக்கை றொனி இஞ்சை வந்து நிண்டு பாத்தவன். அப்பதான் அவனுக்குத் தாதிப் படிப்பிலை ஆசை வந்தது. அதை எழுத மறந்திட்டியள்.

கிற்றாரிலை பிழை இல்லை அக்கா. மகன் தனேசைக் கேட்டன். மரக் கிற்றார்ப் பெட்டி உள்ளதை உள்ளபடி சொல்லுமாம். கரண்ட் கிற்றாருக்குப் பாதிக் குரலே பெட்டிதானாம். உங்கட பெட்டியிலை எந்தக் கரண்ட் கிற்றாரைக் கொழுவினாலும் அப்பிடித்தான் கத்தும். இது உங்களுக்குக் கடையிலையே சொல்லியிருப்பினம்.

அந்த ரண்டு வாய்ப் பெட்டியை நான் இஞ்சை வாங்கி வைச்சிட்டன். ஒரு பக்கம் கரண்ட், மற்றப் பக்கம் மரம், ஒவ்வொண்டுக்கும் தனித் திருகு. பள்ளிக்கூடக் கடைசிச் சோதினை முடிய மொனிகாவை அனுப்பி விடுங்கோ. பிறந்த நாள் தொட்டு உங்களோடைதானே இருக்கிறாள்.

அன்புடன்,
எமிலியானா


பலேர்மோ,
15.6.2025

எமிலியானாவுக்கு,

பெட்டி வாங்கினது சந்தோசம். பாரிசிலை வீடு பெரிசு போலை.

மொனிகா ஜூலையிலை இஞ்சத்தைச் சந்தா றொசாலியா திருநாள் முடிய வருவாள். ஒரு மாசம் மட்டும். உங்கட கிற்றாரைக் கொண்டு வரட்டும், இஞ்சை அது காலுக்கை தடக்குது. என்ரை கிற்றார் வீட்டை விட்டு அசையாது. செப்டெம்பரிலை பூசைக்கு அவள்தான் வாசிப்பாளெண்டு சுவாமியாரிட்டைச் சொல்லிப்போட்டன்.

மரக் கிற்றாரையும் பெட்டியையும் சுவாமியாரிட்டைக் கொண்டுபோய் மந்திரிப்பிச்சனான். "ஏன் அப்பம்மா சிவப்புக் கிற்றாரைக் கொண்டுபோகேல்லை?" எண்டு கேட்டாள். கரண்ட் சாமானிலை தீர்த்தம் தெளிச்சால் ஷொக் அடிக்குமெண்டன். "பெட்டியும் கரண்ட்தானே" எண்டாள். வாய்க்காரி, உங்கட பக்கத்து வாய்.

அவளுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடாதேங்கோ. விருப்பமெண்டு சொல்லுவாள். அது உங்களுக்காகச் சொல்லுறது.

றோசமலர்


பலேர்மோ,
21.9.2025

அன்புள்ள எமிலியானாவுக்கு,

சத்தப்பதிவுப் படிப்புக்கு அங்கை இடம் கிடைச்சிட்டுது, இனித் திரும்பி வரேல்லையெண்டு மொனிகா போன் எடுத்தாள். உங்கட மகளுக்கு முந்தியே தெரியுமாம். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். "நல்லாப் படி பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு போனை மருமகளிட்டைக் குடுத்திட்டன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிற்றார் இல்லை. பிரசங்கம் முடியவே இல்லை.

பேந்து அவள் அனுப்பின பாட்டொண்டை றொனி போட்டுக் காட்டினான். உங்கட கிற்றார் அந்த ரண்டு வாய்ப் பெட்டியிலை பாடுது. தகரம் எண்டு சொல்லேலாது. கேட்டுக்கொண்டு கத்தரிக்காய் வெட்டினனான், விரலையும் சாடையாய் வெட்டிப்போட்டன்.

பெட்டியின்ரை மற்ற வாய் சும்மா கிடக்குதெண்டு நினைக்க எனக்குப் பொறுக்கேல்லை. உங்கட வீட்டிலை உங்கட கிற்றார் மட்டும் பாட நான் விடமாட்டன். வெள்ளிக்கிழமை றொனி பிளேனிலை அங்கை வரேக்கை மரக் கிற்றாரைக் குடுத்து விடுறன். புதுக் கம்பி போட்டுக் கிடக்கு. என்ரை பெட்டிக்கு மேலை துணி விரிச்சு மாதா சுரூபம் வைச்சிட்டன். வாற சனத்துக்கு அது என்ன பெட்டியெண்டு தெரியாது.

பிள்ளைக்குக் காலிலை மேசு போடச் சொல்லுங்கோ, நிலம் குளிர்.

ஒண்டு கேக்கிறன். போனிலை படம் அனுப்பாதேங்கோ, இஞ்சை எல்லாரும் தடவிப்போட்டு அடுத்ததுக்குப் போயிடுகினம். கடையிலை கழுவி, ஒரு புதுப் போட்டோவாய்ப் போஸ்ற்றிலை போட்டு விடுங்கோ. மரக் கிற்றார் மொனிகாவின்ரை மடியிலை இருக்கவேணும். சிவப்பு வேணுமெண்டால் பின்னாலை சுவரிலை கொஞ்சம் தெரியட்டும்.

மொனிகாவின்ரை அப்பம்மா,
றோசமலர்