பதுளை விலாசம்

28 ஜூலை 1983, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. ரயில் யார்டு முழுக்கத் தண்ணீர், லோக்கல் வண்டி எல்லாம் லேட். நேற்று அலசின துணி இன்னும் ஈரம். சீனி தீர்ந்தது.

ரேடியோ தமிழ்ச் செய்தி: நம் வெளியுறவு மந்திரி கொழும்பு போகிறாராம். டில்லி கவலை தெரிவித்திருக்கிறதாம். கவலைப்பட எதற்கு ப்ளேன்? நான் இங்கே கல்கத்தாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில் உட்கார்ந்தே படுகிறேன்.

கொழும்பில் போலவே பதுளையிலும் தமிழர் கடைகளைக் கொளுத்திவிட்டார்கள். பவானிபூர் மளிகைக் கடையில் கேட்டுக்கொண்டு வந்து மகன் நடராஜன் சொன்னான். பதுளை பஜாரில்தான் பவளத்தின் புருஷனுக்குத் துணிக்கடை. பவளம் என் தங்கை. கட்டிக்கொண்டு சிலோன் போனவள். அவள் பேரை நான் வாயால் சொல்லி எத்தனையோ வருஷம்.

அம்மா சாகக் கிடந்தபோது நாலு நாள், "பவளம் வந்தாளா?" என்று வாசலையே பார்த்தாள். வரவில்லை. இப்போது கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், பெர்மிட் சிக்கல் என்று பிறகு ஒரு காகிதம். சாக்கு என்று நினைத்தேன். அம்மா கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. நான் எதையும் மறப்பவள் இல்லை.

31 ஜூலை, ஞாயிறு

வெண்டைக்காய், ரசம். முழங்கால் வலி.

மந்திரி போய்விட்டு வந்தாயிற்று. பேசினாராம்.

"பேசறதுக்குள்ள எல்லாம் எரிஞ்சு போச்சேடா. பட்டாளத்தை அனுப்பினா என்ன?"

"அது வேற தேசம்மா. நாம போயி கை வைக்க முடியாது. பேசித்தான் ஆகணும்."

பேத்தி சுமதி விடுவாளா? "எழுவத்தொண்ணுல பங்களாதேஷுக்கு மட்டும் அனுப்பினாங்களே அப்பாயி?"

நடராஜன், "நீ போய்ப் படி" என்றான். பதில் இல்லாவிட்டால் அதுதான் பதில்.

பக்கத்து வீட்டு கோஷ் மாசிமா வந்தாள். அந்த எழுபத்தொன்றில்தான் அவள் அண்ணன் குடும்பம் பங்களாதேஷ் பக்கம் பரிசாலிலிருந்து ஓடிவந்தது. பதினோரு பேர். இதே அளவு வீடுதான். "கட்டிலுக்கு மேல அஞ்சு, கீழ ஆறு! யாரு என்னைக் கேட்டா? வந்தாங்க, படுத்தாங்க" என்று வங்காளத்தில் சொல்லிச் சிரித்தாள். "உங்க தங்கச்சியையும் கூப்பிட்டுக்குங்க தீதி."

பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

1 ஆகஸ்ட், திங்கள்

நடராஜன் ஆபீஸில் விசாரித்திருக்கிறான். உறவுக்காரர் விவரம் எழுதி டில்லிக்கு அனுப்பினால், அவர்கள் கொழும்பில் இருக்கும் நம் தூதர் ஆபீஸுக்கு அனுப்பி அகதி முகாம்களில் தேடச் சொல்வார்களாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான்.

"விலாசம் வேணுமேம்மா. அந்த பெர்மிட் லெட்டர்ல வெறும் ஊர்ப் பேர்தான், அதுக்கு அப்புறம் சித்தி எழுதவே இல்லேன்னியே."

அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். எல்லோரிடமும். அவன் அப்பாவிடமும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பொய் பிழைக்கும். விலாசம் இல்லாமல் அவளை எங்கே தேடுவார்கள்?

சொன்னேன். கதவு நம்பர், தெரு, கடைப் பேர். எழுதிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தான்.

"இது எங்கேர்ந்து?"

"இன்னொரு லெட்டர் வந்துச்சு."

ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஜனங்களும் கடைக்காரர்களும் உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பங்கு போட்டார்களே, அதற்கு அடுத்த வருஷம். படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். ஒரு எழுத்து போகவில்லை, மனசில் அப்படியே இருக்கிறது. சொன்னேன்:

'அக்கா, இந்தியாவுக்கு மனுப் போடலாமா என்று இவர் கேட்கிறார். ஊரில் நமக்கு யாரும் இல்லை. கல்கத்தாவில் உன் வீட்டில் ஒரு மாதம் இடம் கொடுத்தால் இவர் ஒரு வேலை பார்த்துக்கொள்வார். நீ சரி என்றால் மனுப் போடுகிறோம். இல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடுகிறோம். பதில் போடு.'

"நீ என்ன போட்டே?"

"ஒண்ணும் போடல."

மருமகள் சோற்றைக் கிளறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நடராஜன் கத்துவான் என்று இருந்தேன். கத்தியிருக்கலாம். "வேணாம்னாவது ஒரு வரி எழுதியிருக்கலாமேம்மா" என்றான், அவ்வளவுதான். மறுபடி பேனாவை எடுத்தான்.

"சித்திக்கு எத்தனை பிள்ளைங்க? பேரு?"

தெரியாது. எத்தனை என்றுகூடத் தெரியாது.

5 ஆகஸ்ட், வெள்ளி

மனு செவ்வாயன்றே ரிஜிஸ்டர் தபாலில் போயிற்று. பிள்ளைகள் பேர் இருக்க வேண்டிய இடம் காலி.

முகாமில் இருப்பவர்களை அங்கேயே வடக்கே, தமிழர் ஊர்களுக்குக் கொண்டுபோக நம் கப்பலும் போகிறதாம். ரேடியோவில். வடக்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

அவள் வந்தால்: ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. பாய் மூன்று, நாலு. கொசுவலை ஒன்று. இங்கத்து மீன் பிடிக்குமோ என்னவோ. முதலில் என்ன பேசுவது, தெரியவில்லை.

நடராஜன் காபி கொடுத்தால் குடிக்கிறான். பேசுவதில்லை. சுமதி மட்டும் ஒருமுறை, "நான் மாசிமா வீட்டுல படுத்துக்கறேன் அப்பாயி, அவங்க வந்தா" என்றாள்.

16 ஆகஸ்ட், செவ்வாய்

வெயில். அரிசியைக் காயவைத்தேன்.

இன்னும் பேச்சுவார்த்தைதான் நடக்கிறது.

பதினோரு மணிக்கு டில்லியிலிருந்து கார்டு. இங்கிலீஷில் அச்சடித்தது, என் பேர் மட்டும் மையில். சுமதி படித்தாள். உங்கள் கடிதம் கிடைத்தது, விசாரிக்கிறோம், தகவல் வந்தால் எழுதுகிறோம்.

"அவ இருக்காளா இல்லையான்னு போடலியா?"

"இல்ல அப்பாயி. லெட்டர் கெடச்சுதுன்னு சும்மா ஒரு பதில்."

அடியில் யாரோ கையெழுத்து. பேர் புரியவில்லை. எத்தனை பேர் எழுதியிருப்பார்களோ, அத்தனை பேருக்கும் உட்கார்ந்து போட்டிருக்கிறான். பதினாலே நாளில்.

அவள் எத்தனை நாள் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாளோ.