மறுத்துப் பேசாத உனக்கு

என் இல்லறத் துணைக்கு, இறையருள் உன்னையும் பிள்ளைகளையும் காப்பதாக. உன் முழங்கால் வலி தணிந்ததா?

என் காமாலை இறங்கிவிட்டது, கவலை வேண்டா. வாய்வழியே கேமராவைச் செலுத்தி, பித்தக்குழாயின் அடைப்புக்குள் சிறிய உலோகக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். கண்ணின் மஞ்சள் தெளிந்தது; அரிப்பும் நின்றது.

ஐயம்தான் தெளியவில்லை. அறையில் என்னுடன் தங்கியிருக்கும் ஓட்டுநர், "வெறும் கல்லுதான் பெரியவரே, எடுத்துட்டாங்க" என்கிறார். கல்லை எடுத்தபின் குழாய் எதற்கு? மருத்துவரைக் கேட்டால், "பிடிச்சதெல்லாம் சாப்பிடுங்க ஐயா" என்கிறார். நான் பிழை திருத்தும் மெய்ப்பில் ஒரு கால்புள்ளி தவறினாலும் சீறும் அச்சக முதலாளியோ, "வேலை கிடக்கட்டும், வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாங்க" என்று குழைகிறார்.

அதையும் பொறுத்தேன். ஆனால் நேற்றுத் தொலைபேசியில், வீட்டை விற்றுவிட்டுத் திருத்தலம் ஒன்றில் குடியேறலாமா என்றேன். "உங்க இஷ்டம்ங்க" என்றாய். மணமான நாள்முதல் நான் சொன்ன எதற்கு நீ இப்படி இணங்கினாய்? மருத்துவர் உன்னைத் தொலைபேசியில் அழைத்து என்ன சொன்னார்?

என் கம்பளிச் சால்வையையும் பாராயண நூலையும் அனுப்பு. இங்கே மாலையில் சேர்ந்து ஓத எவருமில்லை. கூடவே ஒரு கடிதம் வை. வெறும் காமாலை என்றால், வீட்டை விற்கக் கூடாதென்று நன்றாகத் திட்டி எழுது. புற்று என்றால் உள்ளபடி எழுது. திருவடியை நினைத்துத் தாங்கிக்கொள்வேன்.

அஞ்சல்காரர் வந்துவிட்டார். இணங்கி மட்டும் எழுதாதே.

உன் கணவன்