மூணாவது தொட்டியில் உங்க பனியன்

என்னங்க,

காணாமப் போன பனியனை இனிமே தேட வேண்டாம். ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் அதை மாடியில என் மூணாவது தொட்டிக்குள்ள புதைச்சேன். "காய்கறித் தோலை அழுக வெச்சுட்டு, அந்த மண்ணுக்கு உயிர் இருக்குன்னு பீத்தல் வேறயா?"ன்னு கேட்டீங்களே, அன்னிக்கேதான்.

உயிருள்ள மண்ணு பருத்தியைத் தின்னுடும். ஞாயித்துக்கிழமை தோண்டிப் பார்த்தேன், பாலியஸ்டர் தையல் நூல் மட்டும்தான் மிச்சம். அதை டீத்தூள் டப்பா மேல வெச்சிருக்கேன். குப்பைன்னு வீசிடாதீங்க.

இன்னிக்கு நாலு மணிக்கு ஒரு டீச்சர், பள்ளிக்கூடத் தோட்டத்துக்காக என் மண்ணைப் பார்க்க வராங்க. அந்த நூலைக் காட்டுங்க. பனியன் யாரோடதுன்னு சொல்ல வேண்டாம். என் மண்ணை ஒரு பிடி அமுக்கிக் காட்டுங்க. உருண்டையா நிக்கும், விரலால தட்டினா பொலபொலன்னு உதிரும். ஊத்தின தண்ணியை ரெண்டு மூணு நாள் பிடிச்சு வெச்சுக்கும்னு சொல்லுங்க. மண்புழு வந்தா அவங்க முன்னாடி கத்தி என் மானத்தை வாங்காதீங்க.

உங்க சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. நீல வாளியில இருக்கறது புழுவுக்கு. போன வாரம் மாதிரி அதைச் சூடு பண்ணித் தொலைக்காதீங்க.

கடைக்குப் போறேன். புது பனியன் ரெண்டு வாங்கிட்டு வரேன். பழைய அளவே போதும்னு பெருமைக்குச் சொல்லாம, சரியான அளவை போன்ல சொல்லுங்க.

இன்னொண்ணு: ஒப்பிட்டுப் பார்க்கணுமேன்னு, நீங்க வாங்கிட்டு வந்த மூட்டை மண்ணுலயும் உங்க பனியன் ஒண்ணைப் புதைச்சேன். ஒரு ஓட்டைகூட விழல. துவைச்சு அலமாரியில வெச்சேன். காலையில நீங்க போட்டுட்டுப் போனது அதுதான்.