பொட்டு அழிக்காத அச்சு

அன்பு மகள் சிந்துவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் முண்டகக்கண்ணி அம்மனிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கேயும் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது, அப்படி எழுதினால் இந்தக் கடிதமே தேவையில்லை. போனில் சொல்லலாமே என்பாய். ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், பாதியில் நீயும் அழுவாய், சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோகும். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எழுத்து தெரியாத இடத்தில் கேட்டுக்கொள்.

உன் தம்பி ராம்குமாருக்குக் கடையில் சின்னச் சூடு பட்டுவிட்டது, மருந்து போட்டாயிற்று என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அது கையில் பட்ட சூடு இல்லை, வலது கண்ணில் பட்டது. கருவிழியில் புண். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். புண் ஆறின பிறகுதான் பார்வை எவ்வளவு திரும்பும் என்று தெரியும், சரியாக வராவிட்டால் வேறொருவர் கருவிழியை வைத்துத் தைக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். இப்போதைக்குக் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்கிறான், அவ்வளவுதான். இடது கண் நன்றாக இருக்கிறது. நீ தாங்க மாட்டாய் என்று மறைத்தோம், கோபித்துக்கொள்ளாதே. கோபப்பட வேண்டிய விஷயம் இன்னும் இருக்கிறது, அதையும் படி.

எல்லாம் விஜயதசமி அன்று நடந்தது. நம் கடையில் ஆயுத பூஜை எப்படி என்று உனக்குத் தெரியும். வெள்ளி உருக்கும் அடுப்பு, அதில் வைக்கிற மூசைக் கிண்ணங்கள், நீளக் குறடு, தராசு, கட்டி வார்க்கிற இரும்பு அச்சு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து சந்தனம் குங்குமம் வைப்போம், மறுநாள் காலையில் நல்ல நேரம் பார்த்து முதலில் ஒரு சின்ன வெள்ளிக் கட்டி ஊற்றிவிட்டுத்தான் தி. நகர்க் கடைக்காரர்கள் கொண்டுவந்து போட்டிருக்கிற பழைய கொலுசையும் சங்கிலியையும் தொடுவோம். இந்த வருஷம் நம் மருமகள் பொன்ரேகா வந்திருக்கிறாள். ஆவணியில் நடந்த கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் நீ வரவில்லை, அவளை நேரில் பார்த்திருந்தால் உனக்கும் பிடித்துப்போயிருக்கும். எதைச் செய்தாலும் அழுத்தமாகச் செய்கிற பெண். அச்சுக்கு வெளிப்பக்கம் பொட்டு வைப்பதுதான் வழக்கம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கட்டி விழுகிற பள்ளத்துக்குள்ளேயே வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தாள். உள்ளேதானே அத்தை கட்டி உருவாகுது, அங்க வைக்காம வேற எங்க வைக்கிறது என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. உன் அப்பாவும் பார்த்தார், மருமகளுக்குப் பக்தியைப் பாரு என்று நம் கடையில் வேலை பார்க்கிற அய்யாதுரையிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார். நீ அனுப்பிய பாதுகாப்புக் கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை, அதுவும் ஆயுதம்தானே என்று வரிசையில் வைத்து இரண்டு கண்ணிலும் அவர் கையாலேயே பொட்டு வைத்தார். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் பொரி கடலையை எடுத்துக்கொண்டு நானும் பொன்ரேகாவும் கடைக்குப் போனோம். வெள்ளி உருகித் தயாராக இருந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராம்குமார் அச்சைத் துடைக்கத் துணியை எடுத்தான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார், நல்ல நாளும் அதுவுமா பொட்டை அழிப்பியா என்று. சரி, சூடாவது காட்டுகிறேன் என்று நெருப்பைப் பிடித்தான். எப்போதும் அச்சில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேற்றி எண்ணெய் தடவித்தான் ஊற்றுவார்கள், ஒரு பொட்டு ஈரம் இருந்தால்கூட உருகின வெள்ளி சீறும் என்று சின்ன வயதில் உங்கள் இரண்டு பேரையும் அந்தப் பக்கமே விடமாட்டாரே, அதே மனுஷர்தான் அன்றைக்கு, போதும்லே, ஊத்துலே, நேரம் போயிரும் என்றார். ராம்குமார், மேல காஞ்சிருக்கு, உள்ள ஈரம் இருக்கும்பா என்றான். என் காதால் கேட்டேன். நான் சொல்லுதேன்லா, ஊத்து என்றார். கண்ணாடியிலும் பொட்டு இருந்தது, அதை அழிக்காமல் எப்படிப் போடுவது என்று பையன் அதை மேஜையிலேயே விட்டுவிட்டான். ஊற்றினான். பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அய்யாதுரை அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டதும், நைனா கண்ணத் தேய்க்காத, தேய்க்காதன்னு சொல்றேன்ல என்று வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததும்தான் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உன் அப்பா, புது மருமக தெரியாம அச்சுக்குள்ள சந்தனத்த அப்பி வச்சிட்டா என்றார். ஒரு தடவை இல்லை, வந்தவர் ஒவ்வொருவரிடமும் அதே பாட்டு. பொட்டைத் துடைக்க விடாதது யார், ஊற்றச் சொன்னது யார் என்ற பேச்சே இல்லை. உன் பெரியத்தை இருக்கிறாளே, அவளுக்குச் சொல்லவா வேண்டும், வந்த நேரம் சரியில்ல, தலை தீபாவளியத் தள்ளிப் போடுங்க என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். காபி பிளாஸ்க்கோடு பின்னாலேயே பொன்ரேகா நின்றுகொண்டிருந்தாள். பிளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய்விட்டாள். அங்கேதான் அவள் அப்பா ரகுபதி லேத் பட்டறை வைத்திருக்கிறார். மறுநாள் அவர் வந்து ராம்குமாரைப் பார்த்தார், உன் அப்பா அவர் முகத்தையே பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் நேராகவே கேட்டேன், ஊத்துன்னு சொன்னது யாரு என்று. வாய மூடு, கடை மானம் போயிரும் என்றார். உருக்குவதில் ஒரு துளி சேதாரம் வராத கை என்று தெருவே சொல்கிற பெயர் அவருக்கு, அதைக் காப்பாற்ற இருபத்தாறு வயதுப் பெண்ணின் தலையில் பாரத்தை வைத்துவிட்டார். ராம்குமாரைக் கேட்டால், விடும்மா, அப்பா பாவம் என்கிறான். பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தீபாவளி நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவளும் ஒருத்தர் பெற்ற பெண்தானே. நான் வச்ச பொட்டாலதான் போச்சுன்னு உங்க பிள்ளையும் நினைக்கிறாரா அத்தை என்று போனில் கேட்டாள், அந்தக் குரல் என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன், நீ திட்டினாலும் சரி. ஆஸ்பத்திரியிலிருந்து ராம்குமாரை வீட்டுக்கு அனுப்பின அன்று, அப்பா முன்னாலேயே போய் வாசலில் ஆரத்தி கரைத்து வைத்திருந்தார். ஆட்டோவில் ஏறினதும் நான் ஈக்காட்டுத்தாங்கலுக்கு விடப்பா என்று சொல்லிவிட்டேன். அழைக்காமல் மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குத் தலை தீபாவளிக்கு முன்னால் போய் இறங்குவதா என்று பெரியத்தை கேட்கத்தான் செய்வாள், கேட்கட்டும். பொன்ரேகாவின் அம்மா சுலோச்சனா வாசலில் எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனாள், பிறகு என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிப் பாய் விரித்தாள். இந்தக் கடிதத்தையும் அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கண்ணுக்கு மருந்து விடுவதெல்லாம் பொன்ரேகாதான். முதல் நாள் அவள் கிட்டே வரவே பயந்தாள், உன் கையால விட்டாதான் எரியலன்னு இவன் ஒரு பொய் சொன்னான், அதற்கு அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நேற்று சாயங்காலம் உன் அப்பா ஸ்கூட்டரில் தெருமுனை வரைக்கும் வந்தாராம், பட்டறைப் பையன்கள் பார்த்திருக்கிறார்கள். வண்டியை விட்டு இறங்காமலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம்.

நீ கவலைப்பட்டு டிக்கெட் எதுவும் போட்டுவிடாதே, பனியில் காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். அப்பாவுக்குப் போன் செய். அவர் மாத்திரை சாமி அலமாரியில் இருக்கிறது, தோசை மாவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது, இதை மட்டும் ஞாபகமாகச் சொல்லிவிடு. என்னிடம் மல்லுக்கு நிற்பாரே தவிர, அன்றைக்கு நடந்ததை நீ கேட்டால் பொய் சொல்ல அவருக்கு வராது. எங்களை வீட்டுக்குக் கூப்பிட அவர் இங்கே வந்தால் என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். பொன்ரேகாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஊத்தச் சொன்னது நான்தாம்மா என்று அவள் அப்பா அம்மா முன்னால் சொல்லட்டும். அந்த நிமிஷமே நாங்கள் மூன்று பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு கிளம்பிவிடுவோம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். தம்பி கண்ணுக்காக அங்கேயே ஒரு விளக்கு ஏற்று.

உன் அம்மா,
சண்முகவடிவு