ஜுனைதீன் வேண்டாம் என்ற பிரின்டர்

பதுளை,
ஒக்டோபர் 2008, வியாழக்கிழமை

அன்பு மகன் ஆரூரனுக்கு,

ஒரு கடைக்காரர் தன் கடையில் இருக்கும் சாமானையே வாங்க வேண்டாம் என்று சொன்னால் அவரை நம்புவதா, விடுவதா? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கு முதல் உன் சுகத்தைக் கேட்க வேண்டும். ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு மழைக்கு முழங்கால் வலி கூடுகிறது, அதற்காகக் கடைக்குப் போகாமல் இருக்கிறார் என்று நினைக்காதே, பேப்பர் வாங்க மட்டும் அந்தக் கால் நன்றாக நடக்கிறது. இதை மின்னஞ்சலில் எழுதச் சொன்னாய். இங்கே இன்டர்நெட் கடையில் நாம் எழுதுவதை முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள் நம்மை விட வேகமாக வாசிக்கிறார்கள், எனக்குத் தபால் போதும்.

குமாரசிங்கம் மாமாவிடம் நீ கொடுத்துவிட்ட லெப்டொப் பத்திரமாக வந்தது, தமிழில் தட்டவும் ஓரளவு பழகிவிட்டேன். இனி பிரின்டர்தான் வேண்டும். ஏன் இந்த அவசரம் என்று போனில் கேட்டாய், போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. போன வருடம் சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்கெல்லாம் பொதுவான பதினோராம் ஆண்டு விஞ்ஞான முன்னோடிப் பரீட்சை வினாத்தாளை நான்தான் எழுதினேன். அதைத் தட்டச்சுக்கும் போட்டோகொப்பிக்கும் வெளியே ஒரு கடைக்குக் கொடுத்தோம். பரீட்சைக்கு முதலே டவுனில் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளின் கையில் அது இருந்தது. டவுன் பிள்ளைகள் புள்ளிகளை அள்ளினார்கள், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்களுக்குத்தான் மூளை இல்லை என்று நம்பினார்கள். பூனாகலையில் படிப்பிக்கும் ஜெயலெட்சுமி டீச்சரின் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் டிசம்பரில் நடந்த சாதாரண தரப் பரீட்சைக்கே வரவில்லை. அவர்களின் லயத்து வீட்டுக்கு இவர் தேடிப் போனபோது, நாங்க எழுதி என்னாங்க டீச்சர் ஆகப்போகுது, கொழுந்து பறிக்கவாச்சும் போறோம் என்றார்களாம். ஆசிரியர் அறையில் என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நான் உள்ளே போனால் பேச்சு நின்றது. இந்த வருடமும் வினாத்தாள் எழுதும் பொறுப்பு என்னிடம்தான் வந்திருக்கிறது. அச்சிட்ட பிரதியை உறை ஒட்டி வருகிற திங்கட்கிழமை கல்வி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், கையெழுத்தில் எடுக்க மாட்டார்களாம். இந்த முறையும் வெளியே போனால் நான் இந்த ஊரில் தலை நிமிர்த்தி நடக்க முடியாது. அதனால் வீட்டுக்குள்ளேயே தட்டி, வீட்டுக்குள்ளேயே அச்சிட்டு, என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

உன்னிடம் நன்றாக வேலை செய்கிறது என்று நீ சொன்ன பிரின்டரின் மொடல் இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு கடைத்தெருவில் ஜுனைதீனின் கொம்பியூட்டர் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் அதே இலக்கம் இருந்தது. நான் விரலை நீட்டவும் அவர், இத எடுக்க வாணாம் டீச்சர், ஒங்கட லெப்டொப் புதுசு, விண்டோஸ் விஸ்டா போட்டது, இது பழைய மொடல், இதோட வார சீடி அதுல ஏறாது என்றார். அப்படியானால் ஏன் விற்பனைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பழைய கொம்பியூட்டர் வச்சிருக்கிறவங்களும் மனுசர்தானே டீச்சர் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு சொல்கிறார், எனக்குச் சரியானது அவரிடம் இல்லையாம், பண்டாரவளையில் மச்சான் ஸலீமின் கடையில் இருக்கிறதாம், எடுப்பித்துத் தருவாராம். மச்சான் என்றதும், சொந்தக்காரருக்கு வியாபாரம் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கியது போல இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா, அந்தாள் சொல்லுறதையும் ஒருக்கா கேளுமன், எல்லாரும் உம்மை ஏமாத்தவோ கடை திறந்து வச்சிருக்கினம் என்கிறார். ஜெயலெட்சுமி டீச்சர்தான் ஒரு வழி சொன்னார், லெப்டொப்ப தூக்கிக்கிட்டுப் போயிருங்க, கண்ணு முன்னாடி ரெண்டையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, அப்புறமா காச நீட்டுங்க என்று. அப்படியே செய்யப் போகிறேன், ஸலீமின் பிரின்டரை நாளைக்கு எடுப்பித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் ஒரு கேள்வி, எனக்கு அனுப்பிய லெப்டொப் உன்னுடையதைப் போன்றதேதான் என்று நீ சொன்னாய், நீ பார்த்துத்தான் சொன்னாயா, என் வாயை அடைக்கச் சொன்னாயா?

வேளைக்குச் சாப்பிடு. அறையில் கூட இருக்கும் பையனிடம் உன் வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைச் சொல்லாதே, நல்ல பையன் என்றாலும் சொல்லாதே. உன்னோடு படித்த கிரிஷாந்தனின் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்ப மறக்காதே. கடவுள் உன்னைக் காக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நல்ல மனிதர்கள் நடுவில் நீ நீண்ட காலம் வாழ வேண்டும்.

உன் அன்பு அம்மா,
துஷ்யந்தி

வெள்ளி மாலை. இந்தக் கடித உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். டீச்சர் எங்களுக்கும் பரீட்சை வைக்கிறீங்க என்று சொல்லிக்கொண்டே ஜுனைதீன் முதலில் நீ சொன்ன பிரின்டரை லெப்டொப்போடு பூட்டினார், அது அந்தச் சீடியை ஏற்கவே இல்லை. ஸலீமின் பிரின்டரில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் உடனே வந்தது. ஆங்கிலம் வந்தால் போதுமா, தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். லெப்டொப்பில் தமிழில் இருந்தது வினாத்தாள் ஒன்றுதான். புதிதாக இரண்டு வரி தட்டிப் பார்க்கலாம் என்பது அப்போது என் புத்தியில் படவில்லை. ஒரே ஒரு பக்கம், அதையும் வெளியே வர வரக் கையால் மறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, அவரை அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு நானே அழுத்தினேன். ஒரு பக்கம் மட்டும் வேண்டும் என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டுமாம், எனக்குத் தெரியாது. முதல் பக்கத்தை நான் பறித்தெடுக்க இரண்டாவது வந்தது, அதைப் பிடிக்க மூன்றாவது பறந்து நிலத்தில் விழுந்தது. நிப்பாட்டுங்க என்று நான் கத்த ஜுனைதீன் பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார், நான்காவது பாதியில் நின்றது. நிலத்தில் விழுந்ததைப் போட்டோகொப்பிக்கு நின்ற ஒரு பிள்ளை எடுத்து, இந்தாங்க மிஸ் என்று கவிழ்த்துத் தந்தாள். அவள் கையில் டியூஷன் குறிப்புகள். பார்த்தாளா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. நான் ஒண்டும் பாக்கல்ல டீச்சர் என்று ஜுனைதீன் கேட்காமலே சொன்னார், அது உண்மையா என்றும் எனக்குத் தெரியாது. பிரின்டரை வாங்கிக்கொண்டு வந்து அந்த வினாத்தாளை அடுப்பில் போட்டேன். முதலாம் கேள்வியிலிருந்து புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். தமிழ் எழுத்து உடையவில்லை, நன்றாகத்தான் வருகிறது.